தட்டும் மாத்திரையும்: கீட்டோ உணவும் மனச்சோர்வு மருந்தும் நடந்துவந்த பாதை



கடந்த ஆண்டு என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் திடீரென்று மாறிப்போனான். கையெழுத்து அழகாக உள்ள பையன். மூன்று வாரங்களாக வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்தான். ஓய்வு நேரத்தில் உணவுப் பெட்டியும் இல்லை. தாயாரை அழைத்துப் பேசினேன். ஆசிரியர் அறையில் அமர்ந்ததும் அவர் கண் கலங்கிவிட்டார்.

இரண்டு ஆண்டுகளாக அவர் மனச்சோர்வுக்கு மாத்திரை உட்கொண்டு வந்தவர். மாத்திரையால் மனம் தெளிந்தது. ஆனால் உடல் எடை கூடியது. உறவினர் ஒருவர் வாட்ஸ்அப் வழி அனுப்பிய காணொளியைப் பார்த்துச் சோற்றையும் ரொட்டியையும் அறவே நிறுத்தி, முட்டை, இறைச்சி, வெண்ணெய், சீஸ் என்று உண்ணத் தொடங்கினார். எடை விரைவாகக் குறைந்தது. அதே காணொளி, கீட்டோ உணவு உண்பவருக்கு மனநல மாத்திரை தேவையில்லை என்றும் சொல்லியது. ஒரே நாளில் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அதன் பிறகு உறக்கமில்லை, தலைசுற்றல், காலையில் படுக்கையைவிட்டு எழ முடியாத சோர்வு.

"எது எதனால வருதுன்னே தெரியல டீச்சர்" என்றார்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா ஏசுவாங்கன்னு சொல்லல டீச்சர்."

நான் மருத்துவர் அல்லள். பள்ளியில் வரலாறு கற்பிப்பவள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள் என்பதைத் தவிர அன்று அவருக்கு வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாயின் கேள்வி என்னை விடவில்லை. இந்த உணவுமுறை எங்கிருந்து வந்தது? இந்த மாத்திரைகள் எங்கிருந்து வந்தன? இரண்டும் ஒரே உடலில் சந்திக்கும்போது என்ன நேரும்? அவற்றின் வரலாற்றைப் படித்தேன். படித்ததை அந்தத் தாயின் ஒப்புதலோடு, அவருடைய அடையாளத்தைத் தவிர்த்து, இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பட்டினியில் பிறந்த உணவுமுறை

கீட்டோ உணவு எடை குறைப்பதற்காகத் தோன்றியதன்று. அது வலிப்பு நோய்க்கான மருத்துவமாகத் தோன்றியது. பட்டினி கிடந்தால் வலிப்பு தணியும் என்பது மிகப் பழைய காலந்தொட்டே மக்கள் கண்டறிந்த செய்தி. 1911-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் குவெல்பா, மரி என்னும் இரு மருத்துவர்கள் வலிப்பு நோயாளிகளுக்கு உண்ணாநோன்பை ஒரு மருத்துவ முறையாகவே கையாண்டு அதனைப் பதிவு செய்தனர். ஆனால் யாரும் காலமெல்லாம் பட்டினி கிடக்க முடியாது. வளரும் குழந்தைகளால் அறவே முடியாது.

பட்டினியின் பயனைப் பட்டினியின்றிப் பெற இயலுமா? 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரசல் வைல்டர் இக்கேள்விக்கு ஒரு விடையை முன்வைத்தார். உடலுக்கு மாவுச்சத்து கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்னும் பொருள்களை உண்டாக்குகிறது. மூளை அவற்றை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டி உண்டாலும் உடல் இதே நிலையை அடையும். இதற்கு அவர் இட்ட பெயரே கீட்டோஜெனிக் உணவு என்பது.

வைல்டர் நீரிழிவு மருத்துவத்தில் தேர்ந்தவர். கனடாவின் தொரொந்தோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1921-இல்தான். உணவையே மருந்தாகக் கொண்டு, ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்துப் பார்த்து நோயாளியைக் காத்துவந்த காலம் அது.

1925-இல் அதே நிலையத்தைச் சேர்ந்த பீட்டர்மன் இவ்வுணவின் அளவுகளை வகுத்தார். குழந்தையின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 கிராம் புரதம். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து. எஞ்சியவை யாவும் கொழுப்பு. நாம் உண்ணும் ஒரு கிண்ணம் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஆகவே அந்தக் குழந்தைகள் ஒரு நாள் முழுவதும் உண்டது நம் ஒரு கிண்ணச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கு மாவுச்சத்தைத்தான். அதனை வீட்டில் தாமாகச் செய்யுமாறு யாரும் அன்று சொல்லவில்லை. மருத்துவரும் உணவியல் நிபுணரும் அருகிருந்து, எடைபோட்டு, சோதித்துக் கொடுத்த மருத்துவம் அது.

மறக்கப்பட்டதும் மீண்டு வந்ததும்

1938-இல் மெரிட், பட்னம் ஆகிய இருவரும் ஃபெனிட்டோயின் என்னும் மருந்து வலிப்பைத் தடுப்பதைக் கண்டறிந்தனர். ஒரு மாத்திரையை விழுங்குவது எளிது. ஒவ்வொரு வேளையும் உணவை நிறுத்துப் பார்ப்பது கடினம். கீட்டோ உணவு மெல்ல மெல்ல மறக்கப்பட்டது.

அது மீண்டும் பேசப்பட்டது ஒரு தந்தையால். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜிம் ஆபிரகாம்சின் சிறு வயது மகன் சார்லி, மருந்துகளுக்கு அடங்காத வலிப்பால் துன்புற்றான். தந்தை நூலகத்தில் தேடிப் படித்தபோது இந்தப் பழைய உணவுமுறை கண்ணில் பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் ஜான் ஃபிரீமனும் உணவியல் நிபுணர் மில்லிசெண்ட் கெல்லியும் அதனைக் கைவிடாமல் காத்து வந்திருந்தனர். அவர்களிடம் சென்ற சார்லியின் வலிப்பு நின்றது. 1994-இல் அந்தத் தந்தை மகன் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1997-இல் இதே பொருளில் ஒரு தொலைக்காட்சிப் படத்தையும் இயக்கினார்.

ஒரு பிள்ளையின் நலம் சான்றாகிவிடாது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது சரியே. 2008-இல் இலண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்திரீட் மருத்துவமனை நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 145 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தனர். மூன்று மாதங்களுக்குப் பின், கீட்டோ உணவு உண்ட பிரிவில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. மற்றப் பிரிவில் 6 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தது. அந்தக் குழந்தைகள் தங்கள் மருந்தை நிறுத்திவிட்டு இவ்வுணவை உண்ணவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

எடை குறைப்பதற்காக மாவுச்சத்தைக் குறைக்கும் வழக்கம் வேறொரு கிளை. 1863-இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங் என்பவர் ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தவிர்த்து எடை குறைந்த தம் அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். 1972-இல் மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் அதே வழியை உலகெங்கும் பரப்பியது. மருத்துவமனைக் கிளையும் எடைக்குறைப்புக் கிளையும் இன்று கைப்பேசித் திரையில் ஒன்றாகக் கலந்துவிட்டன. மருத்துவமனைக் கிளையின் பெருமை மட்டும் வந்து சேர்ந்தது. அதன் எச்சரிக்கைகள் வரும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

காசநோய் மருத்துவமனையில் மலர்ந்த முகங்கள்

இனி மாத்திரையின் கதைக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்னும் புதிய மருந்து கொடுக்கப்பட்டது. நோயாளிகள் முகம் மலர்ந்தனர், பசியெடுத்து உண்டனர், கூடி மகிழ்ந்தனர். இம்மருந்து மூளையையும் தொடுகிறது என்று மருத்துவர்கள் உணர்ந்தனர். 1957-இல் நேதன் கிளைன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் இதனை மனச்சோர்வுக்குக் கொடுத்துக் கண்ட பயனை அறிவித்தார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன், இமிப்பிரமின் என்னும் வேறொரு மருந்து மனச்சோர்வைப் போக்குவதை வெளியிட்டார். மனச்சோர்வு என்பது மனவுறுதி இல்லாமையன்று, மருந்துக்கு இசையும் நோய் என்பதை உலகம் ஏற்கத் தொடங்கிய ஆண்டு அது எனலாம்.

பாலாடைக்கட்டி சொன்ன பாடம்

உணவும் மாத்திரையும் மோதிக்கொண்ட கதை ஒன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. இப்ரோனியாசிட் குடும்பத்தைச் சேர்ந்த மாத்திரைகளை உட்கொண்டவர்களில் சிலருக்குத் திடீரென்று தாங்கவொண்ணாத் தலைவலி உண்டானது. இரத்த அழுத்தம் வானளாவ ஏறியது. சிலர் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தும் போயினர். காரணம் புரியவில்லை.

இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் பணிபுரிந்த இளம் மருத்துவர் பேரி பிளாக்வெல் இதைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அதனைப் படித்த நாட்டிங்காம் நகர மருந்தாளர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். தம் மனைவி இந்த மாத்திரையை உட்கொள்பவர். சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டியை உண்ட இரு வேளைகளில் அவருக்கு இதே தலைவலி வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று கேட்டிருந்தார். முதலில் அதனைப் படித்தவர்கள் நகைத்தனர். நாள்தோறும் நாடே உண்ணும் பாலாடைக்கட்டியா கொல்லும்? ஆயினும் பிளாக்வெல் அதை மனத்திலிருந்து அகற்றவில்லை. பாதிக்கப்பட்ட நோயாளிகள் என்ன உண்டார்கள் என்று கேட்கலானார். கேட்கக் கேட்கப் பாலாடைக்கட்டியே விடையாக வந்தது. 1963-இல் அவர் இதனை வெளியிட்டார்.

காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. முற்றிய பாலாடைக்கட்டியில் டைரமைன் என்னும் பொருள் மிகுதி. சாதாரணமாக நம் குடலும் கல்லீரலும் அதைச் சிதைத்துவிடும். சிதைக்கும் நொதியை அந்த மாத்திரை தடுத்துவிட்டபடியால், டைரமைன் நேரே இரத்தத்தில் கலந்து அழுத்தத்தை உயர்த்தியது. புளிக்கவைத்துப் பதப்படுத்திய இறைச்சி, சோயா கிச்சாப், பெலாச்சான் முதலியவற்றிலும் இப்பொருள் உண்டு. நம் நாட்டுச் சமையலறைகளில் இல்லாத பொருள்களா இவை?

இந்தக் குடும்பத்து மாத்திரைகளை மருத்துவர்கள் இன்று அரிதாகவே எழுதிக்கொடுக்கின்றனர். ஆனால் எழுதிக்கொடுக்கப்பட்ட ஒருவர், சோற்றை விட்டுவிட்டு முற்றிய சீசும் பதப்படுத்திய இறைச்சியுமாகத் தட்டை நிரப்பினால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். 1963-இல் கற்ற பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை.

உப்பு சொன்ன பாடம்

இதற்கும் முந்தியது இன்னொரு பாடம். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனக்கிளர்ச்சி மிகுந்த நோயாளிகளை லித்தியம் என்னும் உப்பு அமைதிப்படுத்துவதை வெளியிட்டார். இருமுனை மனநோய்க்கும், சில வேளைகளில் எளிதில் தீராத மனச்சோர்வுக்கும் இன்றுவரை பயன்படும் மருந்து அது.

வியப்பு என்னவெனில், அதே 1949-இல் அமெரிக்காவில் லித்தியம் மக்களைக் கொன்றது. இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் உப்பைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தப்பட்டனர். அவர்களுக்காக, சோடியத்திற்குப் பதிலாக லித்தியம் கலந்த மாற்று உப்பு கடைகளில் விற்கப்பட்டது. நாவுக்குச் சுவையாக இருந்ததால் மக்கள் தாராளமாகத் தூவி உண்டனர். பலர் நஞ்சேறி வீழ்ந்தனர், சிலர் இறந்தனர். அரசாங்கம் அதனை விற்பனையிலிருந்து அகற்றியது.

அவர்கள் உடலில் நிகழ்ந்தது என்ன? சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே கையாள்கிறது. உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் அதைச் சேமிக்க முயல்கிறது. அதனோடு லித்தியத்தையும் சேமித்துவிடுகிறது. உப்பைக் குறைத்தவர்களே லித்தியத்தை அள்ளி உண்டதால் நஞ்சு விரைவாக ஏறியது.

கீட்டோ உணவுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மாவுச்சத்தை நிறுத்திய முதல் சில நாள்களில், கல்லீரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரை கரைகிறது. அதில் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் கட்டுண்டு கிடக்கிறது, அதுவும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் சோடியத்தையும் மிகுதியாக வெளியேற்றுகிறது. முதல் வாரத்தில் விரைவாகக் குறையும் எடையில் பெரும்பகுதி நீரே. பார்ப்பவர்க்கு மகிழ்ச்சி, ஆனால் லித்தியம் உட்கொள்பவருக்கு அவ்வாரம் இடர் நிறைந்தது.

மருந்துச் சீட்டில் உணவுப் பட்டியல் மறைந்த காலம்

1987-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபுளுவாக்சட்டின் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இன்று மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மாத்திரைகள் பல அதன் உறவினர்களே. இவற்றுக்குப் பாலாடைக்கட்டிப் பயம் இல்லை. உணவுத் தடைப் பட்டியலை நோயாளியிடம் கொடுக்கவேண்டிய தேவையும் இல்லாமற்போனது. அது பெரிய நன்மை. ஆனால் அதனோடு, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும் பழக்கமும், "இதைச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லும் பழக்கமும் மங்கிவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிய மாத்திரைகளுக்கும் கவனம் தேவை. இவ்வகை மாத்திரைகள் சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். கீட்டோவின் தொடக்கமும் சோடியத்தைக் குறைக்கிறது. இமிப்பிரமின் போன்ற பழைய மாத்திரைகள் மலச்சிக்கலையும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றலையும் உண்டாக்குபவை. கீட்டோவின் தொடக்க நாள்களிலும் இவை இரண்டும் வரலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ வேறு மருந்தோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் மருந்தின் அளவையே மாற்றவேண்டி வரும். இல்லையேல் உயிருக்கே ஆபத்து.

அந்தத் தாயின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. கீட்டோவின் முதல் நாள்களில் தலைவலி, சோர்வு, எரிச்சல், உறக்கமின்மை ஆகியன வருவதுண்டு. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் தலைசுற்றல், உறக்கமின்மை, எரிச்சல் வருவதுண்டு. மனச்சோர்வு திரும்பினாலும் சோர்வும் உறக்கமின்மையுமே முதலில் தெரியும். மூன்று கதவுகளும் ஒரே அறைக்குள் திறக்கின்றன. எக்கதவின் வழியாக வந்தோம் என்பதை உள்ளே இருப்பவரால் கண்டறிய முடியாது.

அப்படியானால் கீட்டோ உணவுக்கும் மனநலத்துக்கும் தொடர்பே இல்லையா? அப்படியும் சொல்ல இயலாது. 2024-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரு சிற்றாய்வில், கடும் மனநோய்க்கு மருந்து உண்டுவந்த 21 பேர் நான்கு மாதங்கள் இவ்வுணவை மேற்கொண்டனர். அவர்களில் பலருக்கு உடல்நலமும் மனநலமும் மேம்பட்டன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் அது சிறிய ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவு அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் கலந்துகொண்டவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில், தங்கள் மருந்தை உட்கொண்டபடியே இவ்வுணவை உண்டனர். காணொளிகள் விட்டுவிடும் வரி இதுதான்.

நாம் செய்யக்கூடியவை

இந்நூற்றாண்டுக்கால வரலாற்றில் எனக்குத் தெரிவது ஒன்றே. உணவும் மாத்திரையும் உடலுக்குள் ஒன்றையொன்று அறியும். ஆகவே, மாத்திரை கொடுப்பவருக்குத் தட்டில் உள்ளது தெரிய வேண்டும்.

பெற்றோர்களே, மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர் உணவுமுறையை மாற்ற விரும்பினால், மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். மாத்திரையால் எடை கூடுவதும் சொல்லவேண்டிய குறையே; வேறு மருந்து மாற்றித் தரவும் வழியுண்டு. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்; நிறுத்தும் காலம் வந்தால் மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். பிள்ளைகளுக்குக் கீட்டோ உணவை நீங்களாகத் தொடங்கவே தொடங்காதீர்கள். வலிப்புக்காக அதனை உண்ணும் குழந்தைகளுக்கே வளர்ச்சி குன்றுதல், சிறுநீரகக் கல் முதலிய பக்கவிளைவுகள் வருவதுண்டு என்பதால்தான் மருத்துவமனை அவர்களை விடாமல் கண்காணிக்கிறது.

ஆசிரியர் நண்பர்களே, நாம் மருத்துவம் சொல்ல வேண்டாம். ஆனால் கேட்கலாம். ஒரு மருந்தாளர் தம் மனைவியின் தட்டைக் கவனித்து எழுதிய கடிதம், பலர் நகைத்த பின்னும் ஒருவர் காதில் விழுந்ததால் எத்தனையோ உயிர்கள் காக்கப்பட்டன. ஒரு மாணவனின் முடிக்காத வீட்டுப்பாடமும் அத்தகைய கடிதமாக இருக்கக்கூடும்.

அந்தத் தாய் மறுநாளே மருத்துவரைப் பார்த்தார். அவர் அஞ்சியதுபோல் யாரும் ஏசவில்லை. மாத்திரை மீண்டும் தொடங்கப்பட்டது. உணவியல் நிபுணர் ஒருவர், சோற்றை அறவே விடாமல் அளவோடு குறைக்கும் முறையை எழுதிக்கொடுத்தார். எடை முன்பைவிட மெதுவாகத்தான் குறைகிறதாம். பரவாயில்லை என்கிறார்.

பையன் இவ்வாண்டு ஐந்தாம் ஆண்டில் இருக்கிறான். உணவுப் பெட்டி திரும்ப வந்துவிட்டது. சென்ற வாரம் எட்டிப் பார்த்தேன்: கொஞ்சம் சோறு, முட்டை, பயற்றங்காய்ப் பிரட்டல்.